வெப்ப முள் ஏறினால் முதலில் எதைப் பார்ப்பது? பழைய அம்பாசிடர், பத்மினி ஓட்டுகிறவர்களுக்கு

ஷெட்டில் வருஷக்கணக்காக நின்ற அம்பாசிடரை விலை பேசி எடுத்து, டிங்கர் வேலை முடித்து, பெயின்ட் அடித்து, சீட் தைத்து, ஆயுத பூஜைக்கு மாலை போட்டு அழகு பார்ப்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்போது கூடிவிட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் கோடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வண்டி ஹீட் ஆகுதுங்க, என்ன பண்றது?"

பதில்களுக்கும் பஞ்சம் கிடையாது. தண்ணீர் சூடேறினால் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசு என்பார் ஒருவர். பெரிய ரேடியேட்டர் போடு என்பார் இன்னொருவர். எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டினால் தீர்ந்தது என்பார் மூன்றாமவர். மூவருமே காரணத்தைத் தேடாமல் மருந்து எழுதுகிறார்கள். 1489 சிசி பெட்ரோல் என்ஜினோடு வந்த அம்பாசிடரும், 1089 சிசி பத்மினியும் இதே வெயிலில், இதே மேட்டில், ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு டாக்ஸியாக ஓடிய வண்டிகள். கம்பெனி கொடுத்த ரேடியேட்டரும் ஃபேனும் அப்போது போதுமானதாக இருந்தன. இப்போது போதவில்லை என்றால் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. புதிதாக எதையும் மாட்டுவது அப்புறம்.

வழியில் கொதித்துவிட்டால்

வேலை தெரியாதவர்கள் கையைச் சுட்டுக்கொள்வதும் என்ஜினைக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முள் மெல்ல ஏறுகிறது, ஆனால் ஆவி வரவில்லை என்றால் உடனே என்ஜினை அணைக்க வேண்டாம். ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து ஐடிலை விடச் சற்று வேகமாக ஓட விடுங்கள். இந்த வண்டிகளில் ஃபேனும் வாட்டர் பம்பும் பெல்ட்டில்தான் ஓடுகின்றன. என்ஜின் நின்றால் இரண்டும் நின்றுவிடும், பிளாக்கில் தேங்கிய தண்ணீர் அதற்குப் பிறகுதான் கொதிக்கும். இரண்டு நிமிடத்தில் முள் இறங்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

ஆவி வந்துவிட்டதா, ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டதா, யோசிக்காமல் அணையுங்கள். ஆவி அடங்கிய பிறகு பானட்டைத் தூக்கி, அரை மணி நேரமாவது ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் இருங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பொறுக்க முடிகிற அளவுக்குச் சூடு இறங்கிய பின், மடித்த கனமான துணியை மூடி மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்புங்கள். 'புஸ்' என்ற சத்தம் முழுதாக நின்ற பிறகுதான் அழுத்தித் திருப்பி எடுக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் பக்குவம் இருக்கிறது. சூடான ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால் விரிசல் விழும். கூலிங் வாட்டர் பாட்டிலை அப்படியே கவிழ்ப்பவர்களைத் தொப்பூர் பக்கம் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பகீரென்கும். பக்கத்தில் டீக்கடை இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீராகக் கேட்டு வாங்குங்கள். என்ஜினை ஐடிலில் ஓட விட்டு, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு கோளாறு உண்டு. வெயிலில் நின்று நின்று போகும்போது வண்டி திடீரென இருமி, நின்றுவிடும். ஸ்டார்ட் ஆகாது. ஆனால் முள் நடுவில்தான் நிற்கும். அது என்ஜின் சூடு இல்லை, பெட்ரோல் பம்பிலோ லைனிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் சரியாகும். அதற்காக ரேடியேட்டரைப் பிரிக்க வேண்டாம்.

முள் சொல்வது உண்மையா

நாற்பது, ஐம்பது வருஷ மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. சென்சாரின் எர்த் சரியில்லை என்றாலும், மீட்டருக்குப் போகும் வோல்டேஜ் கூடினாலும் முள் பொய் சொல்லும். லைட் போட்டதும் வெப்ப முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஆடினால் அது வயரிங் வேலை.

லேசர் புள்ளி விழும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. இந்த வேலைக்கு இதைவிட உபயோகமான கருவி வேறு கிடையாது. என்ஜின் சூடேறிய பிறகு தெர்மோஸ்டாட் மூடியின் மேல் பிடியுங்கள். 80-லிருந்து 95 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. பளபளக்கும் உலோகத்தின் மேல் பிடித்தால் குறைத்துக் காட்டும், அதனால் ஒரு துளி கறுப்பு பெயின்ட் அடித்த இடத்திலோ ரப்பர் ஹோஸின் மேலோ பிடியுங்கள்.

தண்ணீர் வெளியேறுவதை வைத்தும் ஏமாறக் கூடாது. தனி ரிசர்வ் டப்பா இல்லாத ரேடியேட்டரில் கழுத்து வரை நிரப்பினால், சூடேறி விரிந்த தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கொட்டத்தான் செய்யும். ஒரு அங்குலம் குறைத்து விட வேண்டும். தினமும் காலையில் கழுத்து வரை ஊற்றிவிட்டு, "தினமும் தண்ணி குடிக்குது" என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

எப்போது ஏறுகிறது என்று பாருங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு வாரம் வண்டியை ஓட்டி இதை மட்டும் கவனியுங்கள். பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

டோல்கேட் வரிசையில், சந்தை நாள் நெரிசலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? காற்று போதவில்லை. ஃபேன், பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள தகட்டுக் கூடு, ரேடியேட்டர் முகத்தில் அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

நிற்கும்போது சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் 70, 80-ல் போகும்போதும் மேடு ஏறும்போதும் ஏறுகிறதா? தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டருக்குள் அடைப்பு, கீழ் ஹோஸ் உறிஞ்சிச் சப்பையாவது, வாட்டர் பம்ப் இறக்கை தேய்வது, தெர்மோஸ்டாட் பாதி திறந்து நிற்பது. நம் பக்கத்து வண்டிகளில் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்துக்குள் தாறுமாறாக ஏறுகிறதா? தெர்மோஸ்டாட் மூடியே கிடக்கிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது.

எந்த நேரமும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்து, வண்டியில் இழுவையும் இல்லை என்றால் டைமிங்கையும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) கார்புரேட்டரையும் பாருங்கள். பிரேக் டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடும் வண்டியில் என்ஜின் சும்மாவே பாரம் இழுக்கும். இதை யாருமே பார்ப்பதில்லை.

தண்ணீர்: இங்கே இதுதான் முதல் குற்றவாளி

நம் மாவட்டத்துத் தண்ணீர் என்றதும் ஃபுளோரைடுதான் நினைவுக்கு வரும். பல்லில் கறை ஏறுவதற்குப் பயந்துதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் ரேடியேட்டருக்கு எதிரி ஃபுளோரைடு இல்லை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகள். வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் பிளாக்கின் உள் சுவரிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. தண்ணீர் எங்கே அதிகம் சூடாகிறதோ அங்கே அதிகம் படியும். அதாவது, குளிர்ச்சி எங்கே மிகவும் தேவையோ சரியாக அந்த இடத்தில்.

எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் வேகத்தோடு ஒப்பிட்டால் இந்த உப்புப் படிவம் நூறு மடங்குக்கு மேல் மந்தம். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே போதும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், வெப்பம் மட்டும் அதற்குள் இறங்காது.

ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கின் ஈயத்தை உருக்கிக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வரிசையாக இருக்கும் சப்பைக் குழாய்களில் பாதிக்கு மேல் வாயே தெரியாது. வெள்ளையும் துருப்பழுப்பும் கலந்த கல் அடைத்திருக்கும். மெல்லிய பட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தக் குத்த, அடியில் விரித்த பேப்பரில் மாவு போல் கொட்டும்.

"என்னத்த தம்பி ஊத்துன இதுக்கு?"

"போர் தண்ணிதாங்ணா. வீட்டுல வேற என்ன இருக்குது?"

"போர் தண்ணியா ஊத்துன நீ, சிமெண்ட்டு ஊத்தியிருக்கற."

வேலையின் வரிசை இது. முதலில் ரேடியேட்டரின் கீழ்க் குழாயைத் திறந்து வரும் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடியுங்கள். செம்மண் நிறத்தில் வந்தால் துரு. சுண்ணாம்புத் துணுக்குகள் அடியில் தங்கினால் உப்பு. எண்ணெய்ப் படலம் மிதந்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு ஹெட் கேஸ்கெட் பகுதிக்குப் போங்கள்.

அம்பாசிடர்காரர்கள் அதோடு நிறுத்தக் கூடாது. பிளாக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு டிரெயின் டேப் உண்டு. பெரும்பாலானவர்கள் அதைத் திறந்ததே இல்லை. திறந்தாலும் தண்ணீர் வராது, உள்ளே சேறு இறுகியிருக்கும். டேப்பை முழுதாகக் கழற்றி, வளைத்த கம்பியால் கிளறி, தண்ணீர் பீறிட்டு வரும் வரை விடாதீர்கள். இந்த வகை என்ஜினில் பின் பக்கத்து சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு அதிகம் தங்கும். ரேடியேட்டரை எத்தனை முறை ராடு அடித்தாலும் (குழாய்களில் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தாலும்) பின் சிலிண்டர் வெந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது கழுவல். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை லிட்டருக்கு 30 கிராம் அளவில் வெந்நீரில் கரைத்து ஊற்றி, என்ஜினை இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஆறிய பின் வடித்து, நல்ல தண்ணீரால் தெளிவாக வரும் வரை அலசுங்கள். ஒரு கைப்பிடி சமையல் சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறை அலசி, கடைசியாக மறுபடி நல்ல தண்ணீர். கக்கூஸ் கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். ஐந்து நிமிடத்தில் உப்போடு சேர்த்து ஈயத்தையும் தின்றுவிடும். சலவை சோடாவைச் சிலர் சொல்வார்கள், இரும்பு ஹெட் உள்ள பழைய அம்பாசிடருக்கு ஓகே. பத்மினியின் ஹெட் அலுமினியம், அதற்குக் கூடவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. பல வண்டிகளில் அந்த உப்புதான் ஓட்டையையே அடைத்துக்கொண்டிருக்கும். சுத்தம் செய்ததும் புதிதாக ஒழுக ஆரம்பித்தால் சுத்தம் செய்ததைக் குறை சொல்லாதீர்கள். பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வட்டத் தகட்டு மூடிகள் துருப்பிடித்து இற்றிருந்தால் இப்போதுதான் தெரியும். ரோட்டோரத்தில் மஞ்சள் தூள் போட்டு ஒழுகலை நிறுத்துவார்கள். நிற்கும், இல்லையென்று சொல்லவில்லை. வீடு வந்து சேரும் வரை மட்டும் அது வைத்தியம். அப்படியே விட்டால் அதுவும் குழாய்க்குள்தான் போய் உட்காரும்.

அடைப்பு கழுவலுக்கு மசியவில்லை என்றால் ராடு அடிக்கக் கொடுங்கள். செம்பு பித்தளை ரேடியேட்டரின் வசதியே அதுதான், பிரித்து வேலை செய்து மறுபடி ஈயம் வைத்துவிடலாம். குழாய்கள் பாதிக்கு மேல் இற்றிருந்தால் உள்கூட்டை மட்டும் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு வண்டியின் அலுமினிய ரேடியேட்டரை வெட்டி ஒட்டிப் பொருத்துவது எனக்குப் பிடித்தமில்லை.

பிறகு எதை ஊற்றுவது? பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். எட்டு, பத்து லிட்டருக்கு ஆகும் செலவு ஒரு ராடு வேலையில் மிகச் சிறிய பங்குதான். கூரை ஓடு நன்றாகக் கழுவப்பட்ட பின் பிடித்த மழைத் தண்ணீரும் நல்லது. காவிரித் தண்ணீர் போர் தண்ணீரை விடத் தேவலாம், அவ்வளவுதான். அதோடு மூன்றில் ஒரு பங்கு எத்திலின் கிளைக்கால் கூலன்ட் சேருங்கள். நமக்குப் பனி உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்பார்கள். இங்கே அது துரு பிடிக்காமல் காக்கவும் கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தவும்தான். டப்பாவின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது. ஈயம் வைத்த செம்பு பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றும் நக்கும், அது உயிரைக் குடிக்கும் விஷம்.

நிரப்பும்போது மூடியைத் திறந்தே வைத்து ஐடிலில் ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழ் விட்டு மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் காற்று சுலபமாக வெளியேறும்.

பானட்டைத் திறந்து பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை

*பெல்ட்.* இரண்டு புல்லிகளுக்கு இடையில் உள்ள நீண்ட பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் தளர்வு. பெல்ட்டின் உள் பக்கம் கண்ணாடி போல் மின்னினால் இழுத்துக் கட்டியும் பயனில்லை, மாற்றிவிடுங்கள். அளவுக்கு மீறி இழுத்தால் டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து போகும்.

*வாட்டர் பம்ப்.* கடையில் வாட்டர் பாடி என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். என்ஜின் நின்றிருக்கும்போது ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலோ, பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் ஈரத் தடம் இருந்தாலோ நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

*மூடி.* இதன் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்த மூடி சரியாக வேலை செய்தால் கொதிநிலை சுமார் 11 டிகிரி உயரும். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்த 11 டிகிரியும் போச்சு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆக, கிருஷ்ணகிரியிலிருந்து மேடு ஏற ஏற, மூடி சரியில்லாத வண்டிக்கு இரண்டு பக்கமும் இடி. அதற்காகப் புது வண்டியின் 13, 15 பவுண்டு மூடியைப் போட்டுவிடாதீர்கள், பழைய ரேடியேட்டரின் ஈயம் விட்டுவிடும். உங்கள் வண்டிக்குச் சொன்ன எண் எதுவோ அதையே போடுங்கள்.

*கீழ் ஹோஸ்.* இது பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளே ஒரு ஸ்பிரிங் கம்பி இருக்க வேண்டும். துருப்பிடித்துப் போனதால் யாராவது எடுத்துவிட்டிருப்பார்கள். ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, நீங்கள் ஹோஸைப் பாருங்கள். வேகம் கூடும்போது சப்பையானால், நெடுஞ்சாலையில் மட்டும் ஏறும் சூட்டுக்குக் காரணம் அதுதான்.

*ரேடியேட்டர் முகம்.* நம் பக்கத்தில் இதற்கென்றே ஒரு சீசன் உண்டு. அறுப்பு முடிந்ததும் களம் இல்லாதவர்கள் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளின் டயரில் மிதிபட விடுவார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை, பென்னாகரம் கிளை ரோடுகளில் சர்வசாதாரணம். அதன் மேல் நான்கைந்து இடத்தில் ஓட்டினால் போதும், உமியும் தூசும் ரேடியேட்டர் ஃபின்களில் அப்பிக்கொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. ஃபேன் பக்கமிருந்து டார்ச் அடித்து முன்னால் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், வேகம் அதிகம் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும். வண்டிக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள். தாளு சைலன்ஸரில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும்.

கிரில்லுக்கு முன்னால் கட்டும் கூடுதல் லைட், பெரிய நம்பர் பிளேட், பூஜை முடிந்து ஒரு வாரமாகியும் கழற்றாத மாலை, எல்லாம் காற்றை மறிப்பவைதான். சாமி கோபித்துக்கொள்ளாது, கழற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்

நம் ஊர் மெக்கானிக்குகள் முதல் வேலையாக இதைக் கழற்றி எறிவார்கள். கழற்றினால் முள் இறங்குவதும் உண்மை. ஆனால் அடைப்பு அப்படியே இருக்கிறது, தொல்லை மட்டும் தள்ளிப்போகிறது. மார்கழிக் காலையில் ஓசூர், தளி பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு என்ஜின் சூடேறவே ஏறாது. சோக்கை இழுத்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும், பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும், தேய்மானம் கூடும்.

சோதிப்பது சுலபம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்க விட்டு அடுப்பில் ஏற்றுங்கள். அதன் மேல் 74 அல்லது 82 என்று பொறித்திருக்கும், திறக்க ஆரம்பிக்க வேண்டிய டிகிரி அது. தண்ணீர் கொதிக்கும்போது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். நம் வெயிலுக்கு 74 கிடைத்தால் நல்லது. திறக்கவில்லை என்றால் குப்பையில் போடுங்கள், எண்ணெய் விட்டுச் சரிசெய்யும் பொருள் இல்லை அது.

டைமிங், கலவை

டைமிங் பின்தங்கினால் பெட்ரோல் தாமதமாக எரியும். வேலைக்கு ஆக வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வழியாகவும் தண்ணீருக்குள்ளும் போகும். இழுவை இல்லை, மைலேஜ் இல்லை, சூடு மட்டும் உண்டு என்றால் முதலில் பாயிண்ட் கேப்பை (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி) பாருங்கள். லூக்காஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் 15 தவ் (ஆயிரத்தில் 15 அங்குலம்) கேஜ் உரசிக்கொண்டு நுழைய வேண்டும். பாயிண்ட்டின் குதிகால் தேயத் தேய கேப் சுருங்கி, டைமிங் தானாகவே பின்னால் போய்விடும். அதனால் கேப் வைத்த பிறகுதான் டைமிங் வைக்க வேண்டும், மாற்றிச் செய்தால் இரண்டும் தப்பு. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே பிளேட் நகர வேண்டும், நாக்கை ஒட்ட வைத்தால் பிடித்து நிற்க வேண்டும். காற்று ஒழுகினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாக வந்தாலும் சூடு ஏறும். 2025-லிருந்து நாடு முழுக்க பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய செட்டிங்கில் இருக்கும் கார்புரேட்டருக்குக் கலவை இன்னும் மெலிந்துபோகும். நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் இருக்க வேண்டும், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் கலவையைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள். அந்தப் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்களும் தாங்காது, அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

ஹெட் கேஸ்கெட்

இதை எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள். நான் கடைசியில்தான் வைப்பேன், செலவும் வேலையும் அதிகம். ஆனால் சோதனை மட்டும் இலவசம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். தொடர்ச்சியாகக் குமிழ் வந்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது கூடினால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஆயில் ஸ்டிக்கில் பால் விட்ட காபி நிறம், சைலன்ஸரில் நிற்காத வெள்ளைப் புகை, காலையில் தண்ணீர் மட்டம் காரணமில்லாமல் குறைவது இவையும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். நேரான இரும்புப் பட்டையை ஹெட்டின் மேல் வைத்துக் கேஜ் விட்டுப் பாருங்கள். பத்மினியின் அலுமினிய ஹெட் ஒரே ஒரு முறை நன்றாகக் கொதித்தாலே நெளிந்துவிடும், லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கச் சொல்லுங்கள். கை அளவே போதும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வாடகைக்காவது ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிக் கொடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு குளிர்ந்த என்ஜினில் மறுபடி இறுக்கிப் பார்த்து, டேப்பட் கிளியரன்ஸும் (வால்வு இடைவெளி) வைக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்து ஓட்டிப் பாருங்கள். நாலையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது, அடுத்த முறை மறுபடி நாலுக்கும் செலவழிப்பீர்கள்.

சோதனைக்கு நல்ல மேடுகள் நம் வாசலிலேயே இருக்கின்றன. முதலில் உள்ளூர் நெரிசலில் அரை மணி நேரம். அடுத்து கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பக்கம், சூளகிரி வரை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம். ஒகேனக்கல்லுக்கு இறங்கும்போது எந்த வண்டியும் சமர்த்தாகத்தான் இருக்கும், எண்ணெய்க் குளியலும் மீனும் முடிந்து நாலு பேரோடு பென்னாகரம் ஏறி வரும்போதுதான் ரேடியேட்டரின் யோக்கியதை தெரியும். ஏற்றத்தில் டாப் கியரில் என்ஜினை முக்க விடாதீர்கள். ஒரு கியர் குறைத்தால் ஃபேனும் பம்பும் வேகமாகச் சுற்றும், பாரமும் குறையும். மேலே போனதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மே மாத மதியத்தில் மேட்டில் மட்டும் முள் கொஞ்சம் ஏறி, சமதளத்தில் இறங்கிவிடுகிறதென்றால் விட்டுவிடுங்கள், அது அந்த வண்டியின் இயல்பு. ஏசி மாட்டியிருந்தால் கதை வேறு. அப்போதுதான் எலெக்ட்ரிக் ஃபேன் பேச்சு நியாயம், அதுவும் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டிக்கு.

டிக்கியில் ஒரு பெல்ட், ஒரு மேல் ஹோஸ், ஒரு கீழ் ஹோஸ், நாலு கிளிப், ஒரு ரேடியேட்டர் மூடி, ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், கனமான பழைய துண்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும். பெல்ட் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் ஒருமுறை மாட்டிப் பார்த்து வாங்குங்கள், புல்லி மாற்றிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன.